பின்னாடி பட்டை

ஆல்பின் கடையில் பிரபாகரன் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது வண்டியின் முன்பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தது.

பம்பருக்கு மேலே நீளமான எல்.இ.டி. பார். கிரில்லுக்குள் இரட்டைக் குழல் ஏர் ஹாரன். கண்ணாடிக்கு மேலே வெயில் மறைப்பு. சீட்டுக்குச் சிவப்பில் கறுப்புத் தையல் போட்ட உறை. வண்டி அவன் பேருக்கு மாறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. செய்யாறு பக்கம் ஒரு புரோக்கரிடம் வாங்கிய பழைய பிக்கப். விற்றவன் வெள்ளை பெயிண்ட் அடித்துப் புதுசுபோல் ஆக்கியிருந்தான். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"இன்னா நைனா, வண்டி அரிசி ஏத்தப் போவுதா, மாப்ள அழைப்புக்குப் போவுதா?" என்றான் ஆல்பின்.

"ரெண்டுத்துக்கும்தான். நீ ஹாரனை அடிச்சுக் காட்டு."

ஆல்பின் பேட்டரியில் வயரை வைத்துத் தொட்டான். போளூர் ரோடே அதிர்ந்தது. எதிர் டீக்கடையில் ஒரு பெரியவர் கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"யோவ் ஆல்பினு! உயிரோட இருக்கறவனையும் அனுப்பிடுவ போலிருக்கே!"

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாது மாமா. எமன் வந்தாலும் நீங்க கடன் சொல்லி அனுப்பிடுவீங்க."

கடை சிரித்தது. பிரபாகரனின் மனைவி ஸ்வர்ணலதா மட்டும் சிரிக்கவில்லை.

அவள் வண்டியின் முன் டயர் பக்கம் நின்றிருந்தாள். வந்ததிலிருந்து அதே இடம்தான். பிரபாகரன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவள் ஓர் அடிகூடப் பின்பக்கம் நகரவில்லை. இந்த வண்டி என்று இல்லை. லாரி, டிராக்டர், குட்டி யானை எதுவானாலும் சுமை வண்டியின் பின்பக்கத்தை அவள் பார்ப்பதில்லை. பஸ்ஸில் போகும்போது முன்னால் ஒரு லோடு வண்டி தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். தம்பி கிரண் போனதிலிருந்து அப்படித்தான்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணும் வேணாமா?" என்று கேட்டான் ஆல்பின். "டேஷ்போர்டுல வெக்கறதுக்கு அம்மன் சிலை இருக்குது. லைட்டு எரியும்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாண்ணா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பின்னாடி பட்டை போட்டுடுங்க. ரெண்டு பக்கமும். அது இல்லாம வண்டி ரோட்டுல ஏறக் கூடாது."

ஆல்பின் புருவத்தை உயர்த்தினான். பிரபாகரனைப் பார்த்தான். பிரபாகரனின் முகத்தில் பெருமை பொங்கியது.

"பாத்தியா? லாரிக்காரன் வூட்டு மருமவ. நான் ஒண்ணும் சொல்லித் தர்ல. தானா கேக்குது."

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று ஸ்வர்ணலதாவுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

"ஏற்கெனவே இருக்கறது போதும்ல அக்கா?"

"பத்தாதுண்ணா. பழசாப் போயிருக்கும். புச்சா போடுங்க."

"போட்டா பின்பக்கம் தூக்கலாத்தான் நிக்கும்."

"தூக்கலாவே இருக்கட்டும். தூரத்துலேந்தே தெரியணும்."

ஆல்பின் சிரித்துவிட்டான். "சரிக்கா. நாளைக்கே போட்டுடறேன்."

அங்கேதான் தவறு நடந்தது. பேசிய மூன்று பேரில் ஒருவருக்கும் அது தெரியாது.

*

கிரணுக்கு இருபத்து நான்கு வயது. பட்டுச் சேலைக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மயிலையும் அன்னத்தையும் திரையில் வரைவான். ஸ்வர்ணலதா அதைத் தறியில் ஓட்டுவாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு இருந்தது அவன் ஒருவன்தான்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். பைக்கில் போகும்போது எவன் குறுக்கே வந்தாலும் திட்டாமல் போகமாட்டான். ஆட்டோவா, பஸ்ஸா, ஆட்டு மந்தையா என்று பார்க்க மாட்டான். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஸ்வர்ணலதாவுக்கு மானம் போகும். "ஏண்டா, வாய மூடிகினு ஓட்டக் கூடாதா?" என்று முதுகில் அடிப்பாள். "திட்னாதாங்க்கா அவனுக்குத் தெரியும், இங்க ஒருத்தன் உயிரோட போறான்னு" என்பான்.

களம்பூரில் நண்பன் வீட்டு விசேஷத்துக்குப் போனவன் திரும்பி வந்துகொண்டிருந்தான். விளக்கு வைக்கும் நேரம். சாலை ஓரத்தில் ஒரு சுமை வண்டி பஞ்சராகி நின்றிருந்தது. வண்டிக்காரன் ஜாக்கி தேடிப் போயிருந்தான். பின்னால் விளக்கு இல்லை. எதுவுமே இல்லை. இருட்டோடு இருட்டாக நின்றது.

அன்று அவனுக்குத் திட்ட நேரம் கிடைக்கவில்லை.

மறுநாள் பேப்பரில் நாலு வரி போட்டிருந்தார்கள். 'வாகனத்தின் பின்புறம் ஒளிரும் பட்டை ஒட்டப்படவில்லை எனக் கூறப்படுகிறது.' ஸ்வர்ணலதா அந்த நாலு வரியையும் படித்தாள். மனதில் நின்றது ஒரே ஒரு சொல்.

பட்டை.

அவளுக்கு அது புதுச் சொல் இல்லை. ஆரணியில் தறிக்காரர்கள் வீட்டில் பிறந்தவர்களுக்குப் பட்டை என்றால் சேலையின் ஓரத்தில் ஓடும் அகலமான ஜரிகை. "பட்டை எவ்ளோ அகலம்? பட்டை போட்டாச்சா?" என்று தறிக்கும் கடைக்கும் நடுவே நாள் முழுவதும் அந்தச் சொல் போய் வந்துகொண்டிருக்கும். விளக்கடியில் பளபளக்கும் ஓரம். அதுபோல் ஒன்று அந்த வண்டிக்கு இருந்திருந்தால் தம்பி இருந்திருப்பான். இவ்வளவுதான் அவளுக்குப் புரிந்தது. அது போதுமானதாகவும் இருந்தது.

பிரபாகரன் பிக்கப் வாங்கப் போவதாகச் சொன்னபோது அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. களம்பூர் மில்லில் கூலிக்கு லாரி ஓட்டியவரின் மகன் அவன். சொந்த வண்டி அவன் வம்சத்திலேயே முதல் வண்டி. அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

"வாங்கிக்கோங்க," என்றாள் மூன்றாம் நாள். "ஆனா நம்ம வண்டியால இன்னொரு வூட்டுல எழவு விழக் கூடாது. விழுந்துச்சுன்னா நான் உங்ககூட இருக்க மாட்டேன்."

பிரபாகரன் அவளையே பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"விழாது ஸ்வர்ணா. சத்தியமா."

*

அவள் கேட்ட பட்டையை ஆல்பின் போட்டான்.

கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்கில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, புதிதாக இரும்புப் பட்டை சேர்த்து முடுக்கினான். லாரிக்காரன் வாயில் பட்டை என்றால் அதுதான். சுமை ஏறினால் வண்டி அமுங்காமல் தாங்கும் வளைந்த இரும்பு. பிரபாகரன் பிறந்ததிலிருந்து கேட்ட பட்டை அது. ஆல்பின் தினமும் விற்கும் பட்டையும் அதுவே.

வேலை முடியும் நேரத்தில் ஆல்பின் வண்டியின் பின்பக்கத்தைத் தட்டினான். இந்தப் பேச்சு நடந்தபோது ஸ்வர்ணலதா அங்கே இல்லை.

"நைனா, பெயிண்ட் அடிச்சவன் ஸ்டிக்கரை எல்லாம் சொரண்டிட்டான். பின்னாடி மொட்டையா நிக்குது. செவப்பு ஸ்டிக்கர் ஒட்டணும். ரோலு ஸ்டாக் இல்ல, வேலூர்லேந்து வரணும். திங்கக்கெழமை வந்துடு."

"திங்கக்கெழம பாத்துக்கலாம்."

"அதோட இன்னொண்ணு. எல்.இ.டி. பாருக்கு ரிலே போடலை. அதுவும் அன்னிக்குத்தான். அதுவரைக்கும் எல்லா லைட்டையும் ஒண்ணாப் போட்டுகினு சீன் காட்டாத. வயரு காய்ஞ்சி மொத்தமும் படுத்துடும்."

"சரிய்யா, சரி. பேஜார் பண்ணாத."

ஸ்டிக்கர் இல்லாமல் போனால் வழியில் பிடித்து அபராதம் போடுவார்கள். பிரபாகரனுக்கு ஸ்டிக்கர் என்றால் அவ்வளவுதான். மனைவி உயிராய்க் கேட்டதுதான் சக்கரத்துக்கு மேலே கெட்டியாக உட்கார்ந்திருக்கிறதே! அவன் மனதில் துளியும் குற்றம் இல்லை.

வெள்ளிக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. தெரு குறுகல். ரிவர்ஸில் கொண்டுவந்து பின்பக்கம் சுவரை ஒட்ட நிறுத்தினான். முன்னால் மாலை, சந்தனம், பூசணிக்காய். நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம். அக்கம்பக்கத்துத் தறிகள் நின்று, எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். பிள்ளைகள் ஏர் ஹாரனை அடிக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

ஸ்வர்ணலதா கற்பூரத் தட்டோடு முன்பக்கமே நின்றாள்.

"நான் கேட்டது?"

"உன் பட்டைதானே? அதான் மொதல்ல. ரெண்டு பக்கமும் சும்மா கும்முனு போட்டுட்டான்."

"நல்லா இருக்குதா?"

"போய்த்தான் பாரேன்."

அவள் சுவர்ப்பக்கம் பார்த்தாள். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையலாம். போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் கால் நகரவில்லை. பார்த்தால் வண்டியின் பின்பலகையில் கிரணின் தலை தெரியும்.

"நீங்க சொன்னா போதுங்க," என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை முதல் லோடு.

ஆரணி மில்லிலிருந்து களம்பூருக்கு அரிசி மூட்டை. மதியமே கிளம்பிப் போனான். மாலை, ஸ்வர்ணலதா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். வானம் மூட்டமாக இருந்தது. பொழுதுக்கு முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் வைத்திருந்த போன் அடித்தது.

"ஸ்வர்ணா! கெளம்பிட்டேன். உன் கை ராசிதான் போ. மில்லுக்காரரு இதுல இவ்ளோதான் ஏத்தலாம்னாரு. நான் சொன்னேன், இன்னும் ஏத்துய்யா, புதுப் பட்டை போட்டிருக்குதுன்னு. வண்டி உக்காரவே இல்ல!"

குறுக்கு நூல் ஓட்டும் நாடாவோடு அவள் கை நின்றது.

"மூட்டை ஏத்தறதுக்கும் பட்டைக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

"இன்னா சம்பந்தமா? பட்டைதானே வெயிட்டத் தாங்குது! நல்ல இரும்பு. ஆல்பின் ஏமாத்தல."

"இரும்பா?"

"பின்ன, பட்டுலயா பண்ணுவாங்க?" அவன் சிரித்தான்.

"இருங்க. இருங்க. லைட்டு பட்டா மின்னுமே, செவப்பா, பின்னாடி... அது?"

"ஓ, ஸ்டிக்கரா? அது இன்னும் ஒட்டல. நாளைக்குத்தான் ரோலு வருதாம். அதுக்கு இன்னா இப்போ?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் குரல் மாறியது.

"ஐயே, இன்னா இது... லைட்டு மினுக்கு மினுக்குனு... எல்லாத்தையும் போட்டுட்டேன் போலிருக்குது... ஸ்வர்ணா, ஏதோ தீயற வாசனை வருது, ஓரங்கட்டிட்டு..."

பேச்சு நின்றது.

அவள் திரும்ப அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் போன் சொன்னது. இன்னொரு தரம். அதே பதில்.

ஸ்வர்ணலதா குழியிலிருந்து காலை உருவினாள். தறியில் பாதி முந்தி அப்படியே நின்றது. செருப்பு போட்டோமா என்றுகூடத் தெரியாமல் தெருவில் ஓடினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆல்பின் கடை பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. கோயிலுக்குப் போன வெள்ளைச் சட்டையோடு அவன் வேலூரிலிருந்து வந்த பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நான் உங்கள இன்னா போடச் சொன்னேன்?"

அவள் நின்ற நிலையைப் பார்த்து ஆல்பின் எழுந்துவிட்டான்.

"பட்டைக்கா. ரெண்டு பக்கமும் போட்டேனே. ஒடஞ்சிடுச்சா?"

"பட்டைன்னா... பளபளன்னு இருக்குமே. வண்டி நிக்கறது பின்னாடி வர்றவனுக்குத் தெரியுமே. என் தம்பி செத்தானே, அந்த வண்டிக்கு இல்லாமப் போச்சே, அது!"

ஆல்பின் தன் கையைப் பார்த்தான். அவன் கையில் இருந்த பார்சலுக்குள்ளிருந்து சிவப்பு ரோல் ஒன்று எட்டிப் பார்த்தது.

"அய்யோ ஏசுவே. ஸ்டிக்கரையா சொன்னீங்க?"

"பட்டைன்னு சொன்னேண்ணா."

"பட்டைன்னா எனக்கு இரும்புதாங்க்கா! 'பட்டை போடு'ன்னீங்க. 'ஒட்டு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"நாங்க பட்டை போடறதுன்னுதாண்ணா சொல்லுவோம்," என்றாள் அவள். அழுகை வரவில்லை. "அவரு வண்டி நின்னுபோச்சு. களம்பூர் ரோட்டுல. லைட்டு எல்லாம் போச்சு போலிருக்குது."

ஆல்பின் ரோலை எடுத்து அவள் கையில் திணித்தான். பைக்கை உதைத்தான்.

"ஏறுங்க. ஜல்தி."

ஆரணி வீடுகள் முடிந்ததும் இருட்டு இரண்டு பக்கமும் நெருங்கியது. ஸ்வர்ணலதா கண்ணை மூடவில்லை. முன்னால் போன ஒவ்வொரு வண்டியின் முதுகையும் பார்த்தாள். பைக் வெளிச்சம் பட்டதும் ஒரு டேங்கர் லாரியின் பின்னால் சிவப்புக் கோடு பற்றி எரிந்தது. ஒரு டிராக்டர் டிரெய்லரின் ஓரத்தில் மஞ்சள் துண்டு ஒன்று கண் சிமிட்டியது. உள்ளங்கை அளவுதான். ஆனாலும் தெரிந்தது. இவ்வளவு சின்ன விஷயம்! அவள் ரோலை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு சாலை காலியாக இருந்தது. எதிரில் வயல் இருட்டு. புளியமரங்களின் இருட்டு.

அந்த இருட்டில் ஒரு துண்டு மட்டும் கொஞ்சம் கெட்டியாகத் தெரிந்தது.

"அண்ணா!"

ஆல்பின் பிரேக்கை மிதித்தான். பின்சக்கரம் வழுக்கியது. பைக் சாய்ந்து, தரையைத் தேய்த்துக்கொண்டே போய், எதன்மேலோ மோதி நின்றது. கண்ணாடி நொறுங்கும் சத்தம். ஹெட்லைட் அணைந்தது.

ஸ்வர்ணலதா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை எரிந்தது. கையை நீட்டினாள். விரலில் தகடு பட்டது, புது பெயிண்ட் வாசனையோடு.

அவர்கள் வண்டியேதான்.

அதைத் தேடிக்கொண்டு வந்தவர்களே அதன்மேல் மோதியிருக்கிறார்கள். தேடாமல் வருபவன் என்ன ஆவான்?

முன்பக்கத்திலிருந்து பிரபாகரன் ஓடிவந்தான். கையெல்லாம் கரி. "யாரு? யாருப்பா அது? அடி பட்டுச்சா? ஐயோ, ஸ்வர்ணா! நீ இன்னா இங்க? வயரு மொத்தமும் எரிஞ்சுபோச்சு. சார்ஜுல இருந்த போனும் போச்சு. பேனட்டத் தெறந்து ஏதாவது இணைக்கலாம்னு பாத்துகினு..."

அவள் கையிலிருந்த ரோலை அவன் பார்த்தான். சாலை ஓரத்தில் கிடந்த பைக்கைப் பார்த்தான். அவள் நின்ற இடத்தைப் பார்த்தான். சுமை வண்டியின் பின்பக்கத்தில், பலகைக்கு நேராக, அவள் நின்றாள்.

அவனுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது.

"இதுவா? நீ கேட்டது இதுவா?"

ஆல்பின் தன் போனில் டார்ச்சைப் போட்டுப் பலகையின்மேல் காட்டினான். அவன் சட்டைக் கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

அவள் ரோலைக் கிழித்து, அடியில் இருந்த தாளை உரித்து, பலகையின் வலது ஓரத்தில் வைத்து அழுத்தினாள்.

ஒட்டவில்லை.

மில்லில் நின்ற வண்டி. பலகை முழுக்கத் தவிட்டுத் தூசி மாவாகப் படிந்திருந்தது. துண்டு சுருண்டு கீழே விழுந்தது.

"தொடைக்கணும்க்கா, தொடைக்கணும். தூசு இருந்தா புடிக்காது."

துணி தேட நேரமில்லை. அவள் முந்தியை இழுத்துப் பலகையைத் துடைத்தாள். கட்டியிருந்தது நல்ல சேலை. தவிடு அதில் அப்பிக்கொண்டது. துடைத்தாள். மறுபடி துடைத்தாள். இன்னொரு துண்டைக் கிழித்தாள். வைத்தாள். கட்டைவிரல் நகத்தால் ஓரம் ஓரமாகத் தேய்த்து அழுத்தினாள்.

தூரத்தில் ஒரு பைக் சத்தம் கேட்டது. ஆரணிப் பக்கமிருந்து வந்தது. வேகமாக வந்தது.

"ஓடு நைனா! ரோட்டுல போய்க் கைய ஆட்டு!" ஆல்பின் கத்தினான்.

பிரபாகரன் ஓடினான். ஆல்பினின் டார்ச்சை வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை; அவனிடம் வேறு விளக்கு இல்லை. கறுப்புச் சட்டை. கரி பிடித்த கை. இருட்டில் அவனையே தெரியவில்லை. "ஏய்! ஏய்!" என்று அவன் கத்தியது பைக் சத்தத்தில் கரைந்துபோனது.

ஸ்வர்ணலதா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் துண்டின் கடைசி ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். ஆல்பின் அவள் தோளைப் பிடித்து வயல் பக்கம் இழுத்தான்.

பைக்கின் வெளிச்சம் பலகையில் விழுந்தது.

வலது ஓரத்தில் ஒற்றைச் சிவப்புப் பட்டை, தீ மாதிரி, எழுந்து நின்றது.

டயர் கிறீச்சிட்டது. பைக் வலப்பக்கம் வெட்டி, ஒருமுறை ஆடி, நிமிர்ந்து, வண்டியைத் தாண்டிப் போய் நின்றது. ஓட்டி வந்தவன் சின்னப் பையன். ஹேண்டிலில் ஒரு பிளாஸ்டிக் பை ஆடிக்கொண்டிருந்தது. அவன் காலை ஊன்றித் திரும்பினான்.

"யோவ்! அறிவு இருக்குதாய்யா உனுக்கு? வண்டிய எங்க நிறுத்திகினு இருக்கீங்க? ஒரு லைட்டு இல்ல, ஒரு மண்ணும் இல்ல! அந்த ஸ்டிக்கரு கண்ல படலன்னா நான் செத்துருப்பேன்யா!"

பிரபாகரன் மூச்சு வாங்கியபடி ஓடிவந்து நின்றான்.

"இன்னா எல்லாரும் பொம்மையாட்டம் நிக்கறீங்க? உங்க வூட்டுல யாரும் பைக்குல போறதில்லையா?"

"மன்னிச்சுக்க தம்பி," என்றாள் ஸ்வர்ணலதா. "பாத்துப் போ."

"நான் பாத்துத்தாம்மா போறேன்! நீங்க மொதல்ல பாத்து நிறுத்துங்க!"

அவன் இன்னும் ஏதோ கெட்ட வார்த்தையும் சொன்னான். கியரைத் தட்டினான். போய்விட்டான். போகும்போதும் திட்டிக்கொண்டே போனான். சாலை வளையும் வரை அந்தக் குரல் கேட்டது.

ஸ்வர்ணலதா அது தேயும் வரை கேட்டுக்கொண்டே நின்றாள்.

பிறகு பிரபாகரன் பக்கம் திரும்பினாள். அவன் தலை குனிந்திருந்தது. அவள் அன்று சொன்ன வார்த்தை அவனுக்கு நினைவிருந்தது என்று தெரிந்தது. அவன் அதற்காகக் காத்து நின்றான்.

"நீங்க முன்னாடி இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"வயரு... வயரை இணைச்சா லைட்டு வருமான்னு..."

அவள் தலையசைத்தாள். ஜாக்கி தேடிப் போனவனை அவள் தினமும் சபித்திருக்கிறாள். அவன் முகம்கூட அவளுக்குத் தெரியாது. எங்கோ குடித்துவிட்டுக் கிடந்திருப்பான் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவனும் இப்படித்தான், கையெல்லாம் கரியோடு, வண்டியைச் சரிசெய்யும் அவசரத்தில், பின்பக்கத்தை மறந்து நின்றிருப்பானோ? அவனை மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு முகம் வந்துவிட்டது. அது அவள் கணவன் முகமாக இருந்தது.

"அந்தப் பக்கம் இன்னும் ஒட்டல," என்றாள். "தொடைங்க. நான் ஒட்றேன்."

பிரபாகரன் சட்டையைக் கழற்றிப் பலகையின் இடது பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தான். அழுதுகொண்டே துடைத்தான். ஆல்பின் டார்ச்சைப் பிடித்தான்.

"அண்ணா, உங்க கடையில இதுக்கு இன்னா பேரு?"

"ஸ்டிக்கருங்க்கா. செவப்பு ஸ்டிக்கர்."

"ஸ்டிக்கர்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

துண்டைக் கிழித்தாள். உரித்தாள். ஓரம் பிசகாமல் வைத்து நகத்தால் நீவினாள். தறியில் உட்கார்ந்தால் எப்படியோ, அப்படி. இன்னொன்று. அதை ஒட்டி இன்னொன்று. இடைவெளி விழாமல், அகலமாக.

ரோல் தீரும்வரை அவள் நிறுத்தவில்லை.